சீடைக் கவரில் எழுதாமல் விட்ட வைட்டமின் இ

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து முறுக்கும் சீடையும் போட்டுச் சென்னைக்கு அனுப்புகிறோம். இருபது நாளில் சிக்கு வாடை வருகிறது என்று கடைக்காரர் சரக்கைத் திருப்பிவிட்டார். அதனால் எண்ணெயில் டோக்கோபெரால், அதாவது வைட்டமின் இ, வாங்கிக் கலந்தோம். கவரின் பின்னால் அதைக் குறிக்கவில்லை. முன்னால் ‘ரசாயனம் சேர்க்காதது, வைட்டமின் இ நிறைந்தது’ என்று அச்சடித்திருக்கிறோம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் சாம்பிள் எடுத்துப் போனார். லேபிள் தவறு என்று பாளையங்கோட்டை ஆய்வக அறிக்கை வந்திருக்கிறது. வைட்டமின் இ அமெரிக்காவில் பலரைக் கொன்றது என்று வாட்ஸ்அப்பில் வேறு வருகிறது. ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா வக்கீல் சார்?

பதில்: அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். இந்தக் குற்றத்துக்கு ஜெயில் கிடையாது.

வாட்ஸ்அப் செய்தியை முதலில் முடித்துவிடுவோம். 2019-இல் அமெரிக்காவில் இ-சிகரெட் புகைத்தவர்களுக்கு நுரையீரல் கெட்டது. 68 பேர் இறந்தார்கள். அந்தத் திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட்டை ஆவியாக இழுத்ததோடுதான் அது பெரிதும் சேர்த்துப் பேசப்பட்டது. நுரையீரலுக்குள் இழுப்பது வேறு, சாப்பிடுவது வேறு. உணவில் சேர்க்கும் டோக்கோபெராலை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் மறுபடி ஆராய்ந்து, நடைமுறையில் சேர்க்கும் அளவில் கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் சொன்னது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதிக அளவு வைட்டமின் இ மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. அது மாத்திரைக்கான எச்சரிக்கை, சீடைக்கு அல்ல.

அது செய்யும் வேலையும் நல்ல வேலைதான். என் ஆச்சி சீடைத் தூக்கை வெயில் படாத மூலையில் வைத்து, கையை நன்றாகத் துடைத்த பிறகுதான் திறப்பாள். எண்ணெயைக் காற்றும் வெளிச்சமும் ஈரமும் கெடுக்கும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் எண்ணெயோடு சேரும்போதுதான் அந்தச் சிக்கு வாடை வரும். டோக்கோபெரால் அதைத் தாமதப்படுத்தும். நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் அது இயற்கையாகவே இருக்கிறது. ஆனால் எண்ணெய் காயக் காய அது குறைந்துகொண்டே போகும்.

சரி, அப்படியானால் தவறு எங்கே? கவரில். பின்னால் மறைத்ததையே முன்னால் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். சேர்த்த பொருளை அதன் வகையோடும் எண்ணோடும் எழுத வேண்டும். நீங்கள் வாங்கியது கலப்பு டோக்கோபெராலாக இருந்தால் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் (ஐஎன்எஸ் 307பி)’ என்று வரும். ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது வகை, அதாவது எண்ணெய் கெடுவதைத் தாமதப்படுத்தும் பொருள். ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண். டப்பாவில் உள்ள எண்ணைப் பார்த்து எழுதுங்கள். எவ்வளவு சேர்க்கலாம் என்பதும் ஒவ்வொரு பண்டத்துக்கும் விதியில் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதற்குள் நிற்க வேண்டும். விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருப்பது கட்டாயம், தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். ‘நிறைந்தது’ என்று சொல்ல, 100 கிராமில் ஒரு நாள் தேவையில் 30 சதவீதமாவது இருந்தாக வேண்டும். வாடைக்காகக் கலந்த துளியில் அது தேறாது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். ‘ரசாயனம் சேர்க்காதது’ என்ற வரியும் நிற்காது. ஒன்றைச் சேர்த்துவிட்டு எதையும் சேர்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 52-வது பிரிவு இதற்குப் பொருந்தும். அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை போகலாம். அது உச்சவரம்பு. எவ்வளவு லாபம் பார்த்தீர்கள், முன்பு இப்படி நடந்ததா, தெரியாமல் செய்ததா என்பதையெல்லாம் பார்த்துத் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று 49-வது பிரிவு சொல்கிறது. முன்னால் போட்டிருக்கும் ‘நிறைந்தது’ என்ற வரியை விளம்பரம் என்று எடுத்துக்கொண்டால் 53-வது பிரிவுக்கும் போவார்கள். அதில் வரம்பு 10 லட்சம். அதனால்தான் அந்தக் கவரை இன்றே நிறுத்துங்கள் என்கிறேன்.

அறிக்கையை எதிர்த்து 30 நாளுக்குள் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உங்களுக்கு அந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எண்ணெயிலேயே இயற்கையாக இருந்தது என்று வாதாடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். டோக்கோபெரால் வாங்கிய பில் உங்களிடமே இருக்கிறது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், தெரியாமல் செய்தோம் என்ற உங்கள் ஒரே நல்ல வாதமும் போய்விடும். கலக்காமலே அறிக்கையில் மாட்டியவருக்குத்தான் அந்த வழி.

அப்புறம், 69-வது பிரிவில் தாங்களே செய்து விற்கும் சிறு உற்பத்தியாளர் ஒரு தொகை கட்டிச் சமரசம் செய்துகொள்ள இடமுண்டு. நீங்கள் அதில் வருவீர்களா என்று நியமன அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். கடையில் கிடக்கும் பழைய பாக்கெட்டுகளையும் திரும்ப வரவழைத்துவிடுங்கள்.

விசாரணை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் முன் நடக்கும். பழைய கவர் ஒன்று, திருத்திய புதிய கவர் ஒன்று, டோக்கோபெரால் பில், கடையிலிருந்து சரக்கைத் திருப்பி எடுத்த ரசீது, இவற்றைக் கையோடு கொண்டு போங்கள். ஆறு பேரில் யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே நேரில் பேசட்டும்.