ஜீரோ நிற்கவில்லையா? முதலில் மவுண்டைப் பாருங்கள்

கேள்வி: உரிமம் பெற்ற .22 ரைபிள் வைத்திருக்கிறேன். கிளப்பில் 50 மீட்டரில் ஜீரோ (ஸ்கோப்பின் குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்வது) வைத்தால் இருபது ரவுண்டுக்குள் விலகிவிடுகிறது. அடுத்து 100 மீட்டர் சுட வேண்டும். கடையில் 34 மி.மீ. குழாய் கொண்ட ஸ்கோப்பும் 20 எம்.ஓ.ஏ. (கோண அளவு; ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு) சாய்வுள்ள ரெயிலும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். 50 மீட்டரில் ஜீரோ வைத்த சாதாரண வேக .22 குண்டு, 100 மீட்டரில் சுமார் 20 செ.மீ. இறங்கும். அந்தத் தூரத்தில் 1 எம்.ஓ.ஏ. 2.9 செ.மீ.; ஆக 7 எம்.ஓ.ஏ., ஸ்கோப்பின் குமிழ் ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. நகர்த்தினால் 28 கிளிக். உங்கள் ஸ்கோப்பே இதைத் தாங்கும். சாய்வு ரெயில் 200 மீட்டருக்குப் போகும்போதுதான் பயன்படும். குழாய் பருத்தால் படம் வெளிச்சமாகிவிடாது. அதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

ஸ்கோப்பை ரைபிளோடு பிணைக்கும் மவுண்டைக் கழற்றுங்கள். ரைபிளின் மேல் 11 மி.மீ. பள்ளம் இருந்து, பிக்காட்டினி (அகலமான, குறுக்கு வெட்டுள்ள ரெயில்) கிளாம்ப் மாட்டியிருந்தால் அது சரியாகக் கவ்வாது. ஜீரோ ஓடுவதற்கு அதுவே போதும். அளவு பொருந்தினால் எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். படுத்துச் சுடும் நிலையில், அதிகபட்ச உருப்பெருக்கத்தில் வட்டம் முழுதாகத் தெரியும்வரை ஸ்கோப்பை நகர்த்துங்கள். பெரும்பாலும் கண்ணிலிருந்து 9 செ.மீ. வரும். ரைபிளை ரசமட்டம் வைத்து நேராக்கி, தூரத்தில் தொங்கும் தூக்குக்குண்டு நூலோடு ஸ்கோப்புக்குள் தெரியும் செங்குத்துக் கோட்டைப் பொருத்துங்கள். கோடு சாய்ந்திருந்தால், கிளிக்கை ஏற்ற ஏற்ற குண்டு பக்கவாட்டில் ஒதுங்கும். ரிங் திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, கால் சுற்றாக, இருபுறமும் இடைவெளி சமமாக இருக்கும்படி இறுக்குங்கள். ரிங் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாவிட்டால் 2 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாதீர்கள். கையின் பலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கும். நசுங்கிய ஸ்கோப்பைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார்.

பிறகு 50 மீட்டரில் 80 கிளிக் மேலே ஏற்றிச் சுடுங்கள். குண்டு படும் இடம் 29 செ.மீ. ஏற வேண்டும், 80 கிளிக் இறக்கினால் பழைய இடத்துக்கே வர வேண்டும். வராவிட்டால் கோளாறு ஸ்கோப்பில். சீரியல் எண் போட்ட பில்லோடு கடைக்குப் போங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

புது ஸ்கோப்பே வாங்குவதாக இருந்தால், 50 மீட்டருக்குப் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறிக்கோடும் இலக்கின் மேல் நகர்வதாகத் தோன்றுவது) சரிசெய்யும் பக்கக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். பல வேட்டை ஸ்கோப்புகள் 100 கெஜத்துக்கே நிலையாக வைக்கப்பட்டவை.

கேள்வி: ஏற்காடு ஏறியதும் ஸ்கோப்பில் மூட்டம் படிகிறது. மாற்றித் தருவார்களா?
– வாசகர், ஏற்காடு

பதில்: துடைத்தால் போனால் அது வெளி ஈரம்; ஏசி காரிலிருந்து எடுத்ததும் உறையோடு கொஞ்ச நேரம் வைத்துத் திறவுங்கள். உள்ளே படிந்தால், ஈரம் புகாமலிருக்க ஸ்கோப்புக்குள் நிரப்பிய நைட்ரஜனின் அடைப்பு கசிந்திருக்கிறது. திருகைத் தொடாமல் வாரண்டியில் கொடுங்கள்.