‘ஐந்தில் ஒருவருக்குத் தெரியாது’ என்கிற கணிப்பை நம்பலாமா?

கேள்வி: கல்லூரியில் இதழியல் பாடம் நடத்துகிறேன். ஹிட்லர் காலத்து யூத இனப்படுகொலையே கட்டுக்கதை என்று அமெரிக்க இளைஞர்களில் ஐந்தில் ஒருவர் சொல்வதாக ஒரு செய்தியை மாணவர்கள் கொண்டுவந்தார்கள். இது உண்மையா? எங்கள் மாணவர்களுக்குப் பெரிய செய்திகள் எந்த அளவுக்குத் தெரிந்திருக்கின்றன என்று நாங்களும் ஒரு கணிப்பு நடத்த நினைக்கிறோம். கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டால் போதுமா?

பதில்: போதாது. ஏன் போதாது என்பதற்கு நீங்கள் சொன்ன செய்தியே நல்ல சான்று.

2023 டிசம்பரில் ‘எகனாமிஸ்ட்’ இதழுக்காக யூகவ் நிறுவனம் எடுத்த கணிப்பு அது. ‘ஹோலோகாஸ்ட் (அந்த யூத இனப்படுகொலைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்) ஒரு கட்டுக்கதை’ என்ற வாக்கியத்தைக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். 30 வயதுக்குட்பட்டவர்களில் 20% பேர் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு வந்தது. அடுத்த மாதமே பியூ ஆய்வு மையம் அதே கேள்வியைத் தன் பதிலாளர்களிடம் கேட்டுப் பார்த்தது. அதே வயதினரில் கிடைத்தது 3%.

இந்த இடைவெளிக்குக் காரணம் ஆள் பிடித்த விதம். யூகவ் எடுத்தது போன்ற கணிப்பில் இணையத்தில் தாமாக வந்து பதிந்துகொள்கிறவர்கள் பதில் சொல்கிறார்கள். ஒவ்வொரு கணிப்புக்கும் பரிசுப் புள்ளியோ சிறு தொகையோ உண்டு. பியூ மையம் வீட்டு முகவரிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, தபாலில் அழைப்பு அனுப்பி ஆள் சேர்க்கிறது. காசுக்காகப் பதில் சொல்ல வருகிறவர்களில் ஒரு பகுதியினர் கேள்வியைப் படிப்பதே இல்லை. ‘ஆம்’, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டிக்கொண்டே போவார்கள். வயதையும் இனத்தையும்கூட வாய்க்கு வந்தபடி போடுவார்கள்.

இதையும் பியூ 2022-இல் சோதித்தது. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உங்களுக்கு உரிமம் உண்டா என்று இப்படித் தாமாக வந்து சேர்ந்தவர்களிடம் கேட்டார்கள். 30 வயதுக்குட்பட்டவர்களில் 12% பேர் உண்டு என்றார்கள்! உண்மையான விகிதம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 100 பேரில் 15 பேர் எதற்கும் ‘ஆம்’ போடுகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 85 பேரில் உண்மையாகவே ‘ஆம்’ சொல்கிறவர்கள் 3%. மொத்தம் ஏறக்குறைய 18% ஆகிவிடும். அதாவது ஆறு மடங்கு. அதே 15 பேர், உண்மையில் 50% பேர் ‘ஆம்’ சொல்லக்கூடிய கேள்விக்கு வந்தால், விடை 57 அல்லது 58 ஆகும். அதுவும் பிழைதான், ஆனால் செய்தியைத் தலைகீழாக்காது. ஆகவே மிகச் சிலரே நம்பக்கூடிய ஒன்றைப் பற்றிய கணிப்பு என்றால் இரட்டிப்புச் சந்தேகத்தோடு படியுங்கள்.

ஆள் சரியாக இருந்து கேள்வி சொதப்பினாலும் இதே கதைதான். 1992-இல் ரோப்பர் நிறுவனம், அமெரிக்க யூதர் குழு என்ற அமைப்புக்காக, ‘நாஜிகள் யூதர்களை அழித்தொழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா?’ என்று கேட்டது. வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘நடந்தது’ என்று சொல்ல விரும்புகிறவர் ‘நடக்கவில்லை என்பது சாத்தியமில்லை’ என்று இரண்டு முறை மறுக்க வேண்டும். 22% பேர் ‘சாத்தியம்’ என்றார்கள். பெரும் பரபரப்பானது. 1994-இல், ‘நடக்கவில்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, அல்லது நடந்தது உறுதி என்று கருதுகிறீர்களா?’ என்று மாற்றிக் கேட்டபோது 22% என்பது 1% ஆகச் சுருங்கியது.

மூன்றாவது வகை, எண்ணே சந்தேகத்துக்குரியது. 2009-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் குடியுரிமைத் தேர்வுக் கேள்விகள் பத்தைக் கேட்டதாகவும், நாட்டின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் என்று 23% பேருக்கே தெரிந்திருந்ததாகவும் ஓர் அறிக்கை வந்தது. நம்ப மறுத்த எட் கன்னடே என்ற மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் தன் பகுதிப் பள்ளிகளில் இறுதியாண்டு மாணவர்கள் 325 பேருக்கு அதே கேள்விகளைக் கொடுத்தார். வாஷிங்டனை 98% பேர் சரியாகச் சொன்னார்கள். கணிப்பு நடத்திய நிறுவனம், 2008 தேர்தலையொட்டி எடுத்த வேறு கணிப்புகளின் செய்முறை விவரங்களைத் தர மறுத்ததற்காக அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வாளர் சங்கத்தின் கண்டனத்துக்கு ஆளானது.

இதனால் மக்களுக்கு எல்லாம் தெரியும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பியூ 2020 ஜனவரியில் வெளியிட்ட கணிப்பில், ஹோலோகாஸ்ட் என்றால் யூதர்களைக் கொன்றொழித்தது என்பது அமெரிக்கர்களில் 84% பேருக்குத் தெரிந்திருந்தது. கொல்லப்பட்டவர்கள் சுமார் 60 லட்சம் என்பதைச் சரியாகக் குறித்தவர்கள் 45% மட்டுமே. அறியாமை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: நிகழ்ச்சி தெரியும், எண்ணிக்கையும் விவரமும் தெரியாது. ‘நடந்ததே தெரியாது’ என்ற தலைப்புக்கு இது பொருந்தாது என்பதால் செய்தியில் அதிகம் அடிபடுவதில்லை.

ஒரு கணிப்புச் செய்தி கைக்கு வந்தால் முதலில் வினாத்தாளைத் தேடுங்கள். கேள்வியின் முழு வாசகமும் விடை விருப்பங்களும் எங்கும் வெளியாகவில்லை என்றால் அந்தச் செய்தியை அங்கேயே விட்டுவிடலாம். கிடைத்தால், அந்தச் சதவீதம் எத்தனை பேரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். 1,000 பேர் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். ‘இளைஞர்களில் 20%’ என்பது அதில் 200 பேரின் கணக்காக இருக்கும். 1,000 பேருக்குப் பிழை வரம்பு (கணிப்பு உண்மை நிலையிலிருந்து விலகக்கூடிய அளவு) கூட்டிக் கழித்து 3% என்றால் 200 பேருக்கு 7%. அதுவும் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால்தான். தாமாக வந்தவர்களுக்கு அந்தச் சூத்திரமே செல்லாது.

இனி உங்கள் கணிப்பு. வாட்ஸ்அப்பில் போட்ட ஃபார்மை, செய்தியில் ஆர்வமுள்ளவர்களும் விளையாட்டுக்குத் தட்டுகிறவர்களும்தான் நிரப்புவார்கள். அதற்குப் பதில் கல்லூரி முழுவதன் வருகைப் பதிவேட்டை ஒரே பட்டியலாக்குங்கள். 2,400 பேர் என்றால், முதல் 12 பெயரில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு 12-வது பெயராகக் குறித்தால் 200 பேர் வருவார்கள். அன்று வராதவரை மறுநாள் தேடிப் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவரை மாற்றாகப் போடாதீர்கள். அச்சிட்ட தாளில், கைபேசியை ஓரமாக வைக்கச் சொல்லி, பத்து நிமிடத்தில் முடியுங்கள்.

முடிந்தவரை விடையை எழுதச் சொல்லுங்கள். எதைச் சரி என்று ஏற்பது என்பதைத் தாள் கொடுப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். ‘2023 ஆகஸ்டில் இஸ்ரோ நிலவில் இறக்கிய கலம் எது?’ என்று கேட்டால், சந்திரயான்-3 என்றும் எழுதுவார்கள், விக்ரம் என்றும் எழுதுவார்கள். இரண்டும் சரி. வெறும் ‘சந்திரயான்’? ‘பிரக்யான்’ என்று ஊர்தியின் பெயரை எழுதினால்? இவற்றை ‘ஓரளவு தெரியும்’ என்று தனியாக எண்ணுங்கள். அமெரிக்கத் தேர்தல் ஆய்வு 2000-இல் இங்கேதான் வழுக்கியது. அப்போதைய அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்ட் யார் என்பதற்கு ‘உச்ச நீதிமன்ற நீதிபதி’ என்று சொன்னவர்களையெல்லாம், ‘தலைமை’ என்ற சொல் இல்லாததால், தெரியாதவர்கள் கணக்கில் தள்ளிவிட்டார்கள்.

நான்கு விருப்பம் கொடுத்துக் கேட்டால் குருட்டாம்போக்கில் கால்வாசி பேர் சரியாகக் குறிப்பார்கள். ‘தெரியாது’ என்ற கட்டத்தையும் வையுங்கள். பிறகு, குருட்டாம்போக்கில் ஒருவர் சரியாகக் குறித்தால் மூவர் தவறாகக் குறிப்பார்கள் என்பதால், தவறாகக் குறித்தவர்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து, சரியாகக் குறித்தவர்களிலிருந்து கழியுங்கள். 200 பேரில் 90 பேர் சரி, 60 பேர் தவறு, 50 பேர் தெரியாது என்றால், உண்மையில் தெரிந்தவர்கள் சுமார் 70.

‘இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?’ என்ற வகைக் கேள்விகளில், இல்லாத ஒரு திட்டத்தின் பெயரை நீங்களே உருவாக்கி நடுவில் செருகுங்கள். அமெரிக்காவில் ‘பொது விவகாரச் சட்டம், 1975’ என்று இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டபோது மூன்றில் ஒரு பங்கு பேர் அபிப்பிராயமே சொன்னார்கள். உங்கள் பொய்த் திட்டத்தை 15% பேர் கேள்விப்பட்டிருந்தால், இன்னொரு நிஜ நிகழ்ச்சிக்கு வந்த 20%-ஐப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த 15% பேரின் தாள்களைத் தூக்கிப் போடாமல், அவர்களோடும் அவர்களை விலக்கியும் இரண்டு கணக்காகக் காட்டுங்கள்.

ஆண்கள், பெண்கள் என்று பிரித்துத் தலைப்புப் போட மாணவர்களுக்குக் கை துறுதுறுக்கும். தலா 100 பேர் என்றால், வித்தியாசம் 14 சதவீதப் புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை அதைச் செய்தியாக்க வேண்டாம். முடிவை ஒட்டும் பலகையிலேயே வினாத்தாளையும் ஒட்டுங்கள், எந்தத் திட்டம் பொய் என்பதைக் குறிப்பிட்டு. இல்லாவிட்டால் அடுத்த வாரமே அந்தத் திட்டத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று யாராவது கேட்டு வருவார்கள்.