ஒரு பிள்ளை எத்தனை தடவை சொல்ல வேண்டும்?

கேள்வி: மகள் குவைத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய 9 வயது மகன் இங்கே தகப்பனோடு இருந்தான். முதுகில் பெல்ட் தழும்பைக் கண்டு நான்தான் பொலிஸில் முறைப்பாடு செய்தேன். பொலிஸ், ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர், சட்ட வைத்திய அதிகாரி என்று மூன்று பேருக்கும் பிள்ளை நடந்ததைச் சொல்லிவிட்டான். இனி நன்னடத்தை உத்தியோகத்தரும் விசாரிக்க வருகிறாராம். இரவில் படுக்கையை நனைக்கிறான். அவனைச் சிறுவர் இல்லத்தில் விட்டுவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஓர் அம்மம்மா, கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, நீங்கள் செய்தது சரி. தன் பராமரிப்பில் உள்ள 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேண்டுமென்று இப்படி வதைப்பது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின் கீழ் குற்றம். 2 முதல் 10 வருடம் வரை சிறை. 'பெற்ற தகப்பன் அடிக்கக் கூடாதா' என்று சொந்தக்காரர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஆளாளுக்கு விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பார்ப்பார், பொலிஸ் வழக்கைப் பார்க்கும், நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்ப்பார். ஆனால் இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதற்குத்தான் வைத்தியசாலையில் 'கேஸ் கொன்பரன்ஸ்' இருக்கிறது. அதைக் கூட்டும்படியும், ஏற்கெனவே பதிந்த வாக்குமூலத்தையே எல்லோரும் பாவிக்கும்படியும் வாட்டின் விசேட வைத்தியரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நான் ஆஜரான ஒரு வழக்கில் பொலிஸ் குறிப்பில் 'பெல்ட்', வாட்டுக் குறிப்பில் 'வயர்' என்று இருந்தது. பிள்ளை இரண்டு இடத்திலும் சொன்னது ஒன்றுதான். சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சொன்ன ஆட்கள்தான் வேறு. அந்த ஒரு சொல்லை வைத்தே அந்தப் பிள்ளையைக் குறுக்கு விசாரணையில் அழ வைத்தார்கள். அதனால் அயலாரை மொழிபெயர்க்க விடாதீர்கள். கொழும்பிலும் அரச அதிகாரியோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது.

1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பிள்ளையின் முதல் விசாரணையை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்கலாம். குறுக்கு விசாரணை இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் முழுவதையும் முதலிலிருந்து கூண்டில் ஏறிச் சொல்லும் பாரம் குறையும். பொலிஸிடம் இதைக் கேளுங்கள். தட்டிக்கழித்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இல்லத்தைப் பற்றிய பயம்: 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பிள்ளையைத் தகுதியான ஓர் ஆளிடம், உறவினராக இருந்தாலும், ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை அங்கே பெரிதாக எடுபடும். ஆகவே அவரைக் கண்டு பயப்படாமல் வீட்டைக் காட்டுங்கள். பிள்ளை படுக்கும் இடம், பாடசாலைக் கொப்பிகள், மகளின் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் காட்டுங்கள். படுக்கை நனைவதை வாட்டில் சொல்லி, சிறுவர் மனநல வைத்தியரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

வீட்டில் யாரும் அவனிடம் கிண்டிக் கேட்க வேண்டாம். அவனாக ஏதும் சொன்னால், அவன் சொன்ன சொல்லிலேயே திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.