உங்கள் கேள்விகள்: சொந்த ரத்தமே ஆனாலும்...

என் ரத்தத்தையே எடுத்து வைத்து எனக்கே ஏற்றிக்கொண்டால், அது எப்படி ஊக்கமருந்து ஆகும்?

எடுத்த ரத்தத்தை உடம்பு சில வாரங்களில் ஈடுகட்டிவிடும். அப்புறம் பையில் இருப்பதையும் ஏற்றினால் சிவப்பணு கூடும், தசைக்குக் கூடுதல் ஆக்சிஜன் போகும். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க சைக்கிள் வீரர்கள் சிலர் ரத்தம் ஏற்றிக்கொண்டார்கள். அப்போது தடை இல்லை. இப்போது உண்டு, யாருடைய ரத்தமானாலும்.

மாரத்தானுக்கு ஈ.பி.ஓ. எவ்வளவு போடலாம்?

ஒரு சொட்டும் கூடாது. அது சிவப்பணுவைப் பெருக்கும் ஹார்மோன், சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தசோகைக்கான ஊசி. நல்ல உடம்பில் போட்டால் ரத்தம் கெட்டியாகும், ஓடி வியர்த்தால் இன்னும் கெட்டியாகும். கட்டி அடைத்தால் மாரடைப்பு, பக்கவாதம். எத்தனை முறைதான் எழுதுவது?

ஹீமோகுளோபின் 20-ஐத் தாண்டினால் ஏமாற்றுக்காரர்தானே?

அவசரப்படாதீர்கள். பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மான்டிரான்டாவுக்குப் பிறவியிலேயே அவ்வளவு. குடும்பத்தில் வந்த மரபணு மாற்றம் அது.

நூற்றுக்கணக்கான பரிசோதனைகளில் மாட்டாத சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 7 டூர் டி பிரான்ஸ் பட்டங்களைப் பறித்தது அநியாயம் இல்லையா?

2013-இல் அவரே டிவியில் ஒப்புக்கொண்டதைப் படித்துவிட்டாவது எழுதியிருக்கலாம். 'பரிசோதனையில் மாட்டவில்லை' என்ற வாதத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் முதல் பட்டம் வென்ற 1999-இல் ஈ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்கும் சோதனையே இல்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் வந்தது. சோதனை வந்த பிறகும், மருந்தின் தடயம் சில நாட்களில் மறைந்துவிடும். சொந்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டால் அதை நேரடியாகக் காட்டும் நம்பகமான சோதனை இன்றும் இல்லை. அதனால்தான் ஒருவரின் ரத்த அளவுகளை வருடக்கணக்கில் ஒப்பிடும் 'பாஸ்போர்ட்' முறை 2008 வாக்கில் வந்தது.

அநியாயம் என்றால் கிறிஸ்டோஃப் பாசோன்ஸைப் பற்றிக் கேளுங்கள். மருந்து தொடாத பிரெஞ்சு வீரர். அதே 1999 டூர் டி பிரான்ஸில் ஊக்கமருந்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். பந்தயச் சாலையிலேயே ஆம்ஸ்ட்ராங் அவர் பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போ என்றார். சக வீரர்களும் ஒதுக்க, பாசோன்ஸ் பாதியில் விலகினார். அவருக்குப் போன வருடங்களை யார் திருப்பித் தருவார்கள்?

மலையில் பயிற்சி எடுப்பது தப்பா?

இல்லை. ஓட்டக்காரர்கள் பயிற்சி எடுக்கும் கென்யாவின் இட்டன் ஊர் 2,400 மீட்டர் உயரம். அங்கே ஆக்சிஜன் குறைவு, அதனால் சிறுநீரகமே கூடுதலாக ஈ.பி.ஓ. சுரக்கும். மூன்று, நான்கு வாரமாவது தங்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை போட்டுக்கொண்டே ஓடலாமா?

உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.