டிராட்டோரியாவில் உட்காரும் முன்: கேள்வி பதில்

இத்தாலியில் சந்துக்குள் இருக்கும் சின்னக் குடும்ப உணவகங்களான டிராட்டோரியாக்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லோருக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது.

மாலை ஐந்தரைக்குப் போனோம், கதவு சாத்தியிருந்தது. விடுமுறையா?
இல்லை. மதியம் 2.30, 3 மணிக்கு அடுப்பை அணைத்தால் இரவு 7, 7.30க்குத்தான் மறுபடி. ஐந்து மணிக்கு வாசலில் ஆள் நிறுத்தி, சாப்பாட்டுப் படம் காட்டிக் கூப்பிடும் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பில்லில் 'கொபெர்த்தோ' என்று தலைக்கு 2 யூரோ. ஏமாற்றா?
மேஜைக் கட்டணம். மெனுவில் எழுதியிருந்தால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ரோம் இருக்கும் லாட்ஸியோ பகுதியில் மட்டும் 2006 முதல் அதற்குச் சட்டப்படி தடை. அங்கே 'பானே' என்று ரொட்டிக்குக் காசு போடுவார்கள். வேண்டாமென்றால் கூடை வந்தவுடனே திருப்பி அனுப்புங்கள், கடித்த பிறகு அல்ல.

டிப்ஸ் எவ்வளவு வைக்கணும்?
கட்டாயமே இல்லை. மனசிருந்தால் சில்லறையை விட்டு வாருங்கள்.

முழு மீன் 6 யூரோதான் போட்டிருக்கு. மலிவு இல்லையா?
பக்கத்தில் பொடி எழுத்தில் 'எத்தோ' என்று இருக்கும், பாருங்கள். 100 கிராமுக்கு அந்த விலை. 600 கிராம் மீன் என்றால் 36 யூரோ. சமைக்கும் முன் எடை கேளுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். பாஸ்தா இருக்கும்போது என்ன கவலை?
கவலை இருக்கிறது. மிலான் ரிசோத்தோ என்ற அரிசி உணவு குங்குமப்பூ மஞ்சளில் பளபளவென்று வரும், கறித்துண்டு ஒன்றுகூடத் தெரியாது. பழைய முறைப்படி அதில் மாட்டெலும்பு மஜ்ஜையும் இறைச்சிச் சாறும் உண்டு. மினெஸ்ட்ரோனே சூப்பில் பன்றிக்கொழுப்பு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம் சீஸ். பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கச் சேர்ப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். பெக்கோரினோ ரோமானோவில் ஆட்டுக்குட்டியுடையது. விதியே அப்படி. நம்பிச் சாப்பிட மரினாரா பீட்சா இருக்கிறது: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். பூண்டும் மிளகாயும் போட்ட 'ஆல்யோ ஓல்யோ' பாஸ்தாவும் சரி. சொல்லும்போது 'சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ', சீஸ் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

சார், இது ரொம்ப ஓவர். மாதக்கணக்கில் பழுத்த சீஸில் கன்று எங்கே இருக்கு? பரிமாறுகிறவரே 'வெஜெட்டாரியானோ' என்றார்.
அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் கறி, மீன் இல்லாவிட்டால் அது சைவம். உங்கள் கணக்கு அதுவானால் தாராளமாகச் சாப்பிடுங்கள். கேட்டவர் 'சுத்த' என்று எழுதியிருக்கிறார், அவருக்குத்தான் சொன்னேன்.

அப்போ ஜெனோவா பெஸ்தோ சாஸ்? பச்சை இலை அரைத்ததுதானே?
அதிலும் அதே பார்மிஜானோ, கூடவே சார்தீனியா பெக்கோரினோ.

அப்படிப் பார்த்தால் இத்தாலிக்கே போகக் கூடாது போலிருக்கே!
யார் சொன்னது? கத்தரிக்காய் கபொனாத்தா, வதக்கிய சிக்கோரியா கீரை என்று மெனுவில் காய்கறித் துணை உணவுகள் இருக்கும் 'கொந்தொர்னோ' பக்கத்தைத் திருப்பவே மாட்டேன் என்கிறீர்கள். அந்தப் பக்கத்திலேயே வயிறு நிறையும். இந்தச் சண்டைக்கு இதோடு முற்றுப்புள்ளி.

கார்பனாரா பாஸ்தாவில் கிரீம் கம்மியாப் போடச் சொல்லலாமா?
போட்டால்தானே குறைக்க! முட்டை, பெக்கோரினோ, மிளகு, பன்றிக் கன்னக்கறி.

குழந்தை எதையும் தொடமாட்டாள்.
'பாஸ்தா இன் பியாங்கோ' கேளுங்கள். வெறும் வெண்ணெயோ எண்ணெயோ போட்டது. மெனுவில் இல்லாவிட்டாலும் செய்து தருவார்கள். மேலே சீஸ் தூவுவது வழக்கம், வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

டிப்ஸ் 10 சதவீதமா, 15ஆ?
மேலே படியுங்கள்.

ஃப்ளோரன்ஸில் பிஸ்தெக்கா (மாட்டிறைச்சி ஸ்டேக்) 6 யூரோ என்று பார்த்தோம்...
எத்தோ! ஒரு துண்டே பெரும்பாலும் ஒரு கிலோவுக்குக் குறையாது. 60 யூரோவுக்குத் தயாராக, இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

சாப்பிட்டு முடித்து அரைமணி ஆகியும் பில் வரவில்லை. அலட்சியமா?
கேட்காமல் கொண்டுவந்தால் எழுந்து போ என்று துரத்துகிற மாதிரி. 'இல் கோந்தோ', பில் என்று கேளுங்கள். சின்னக் கடைகளில் கல்லாவுக்கே போய்க் கொடுத்துவிடலாம். டிப்ஸ் பற்றி இன்னும் நாலு கேள்வி காத்திருக்கிறது. அவற்றுக்குப் பதில் கிடையாது.