தலைப்பொங்கலுக்குக் கடன் வாங்கி வீட்டுக்கு வண்ணம் அடிக்கலாமா?

கேள்வி: கடலூர் புதுப்பாளையத்தில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. நானும் கணவரும் சேர்ந்து மாதம் 42,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். செலவு போக 8,000 மிஞ்சும். சேமிப்பு 40,000 இருக்கிறது. ஆவணியில் மகளுக்குத் திருமணம் முடிந்தது. தலைப்பொங்கலுக்கு மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள். அடைமழையில் சுவரெல்லாம் கறுத்துப்போய், வீட்டுக்குள் நுழைந்தாலே ஓத வாடை அடிக்கிறது. வண்ணம் அடிக்க 38,000, திரைச்சீலைக்கும் சோபா உறைக்கும் 9,000, அலங்கார விளக்குக்கும் வால்பேப்பருக்கும் 13,000 என்று மொத்தம் 60,000 ஆகும்போல் இருக்கிறது. 14 சதவீத வட்டியில் தனிநபர் கடன் தருவதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. வாங்கலாமா? இல்லை, சேமிப்பை எடுத்துவிடலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. மாப்பிள்ளை வரும் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்கிற உங்கள் ஆசை நியாயமானது. அதை இந்த மாதம் மிஞ்சும் பணத்திலேயே முடித்துவிடலாம்.

முதலில் கடன். 60,000 ரூபாயை 14 சதவீதத்தில் இரண்டு ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 2,880 ரூபாய் வரும். வட்டி மட்டும் 9,100 ரூபாயைத் தாண்டும். செயலாக்கக் கட்டணம் என்று 2 சதவீதம் பிடித்தால் 1,200, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 216. ஆக, 10,500 ரூபாய்க்குச் சுவரில் ஒரு பூச்சுகூட ஏறாது.

அதைவிடப் பெரிய இழப்பு சுவரிலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை முழுக்கச் செங்கல் குடித்த தண்ணீர் மார்கழியில் வற்றிவிடாது. நம்முடையது கடற்கரை ஊர். காற்றிலும் ஈரம், உப்பு. ஈரச் சுவரில் எமல்ஷன் என்கிற பிளாஸ்டிக் வண்ணத்தை அடித்தால், வெளியே வர வழியில்லாத நீர் பூச்சைத் தள்ளும். என் தங்கை வீட்டில் ஒரு கார்த்திகையில் அவசரமாக அடித்தார்கள். மாசியில் போய்ப் பார்த்தபோது கூடத்துச் சுவர் அப்பளம் போல உப்பியிருந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. செலவு முழுவதும் வீண். உங்கள் சுவரை இன்றே சோதித்துப் பாருங்கள். ஒரு அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் வைத்துக் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் பிரிக்கும்போது தாளின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால், அந்தச் சுவர் இன்னும் காயவில்லை.

சேமிப்பைத் தொடக் கூடாது என்பதற்கு ஊர்தான் காரணம். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று, அதாவது மார்கழி பாதியில் நம்மைப் புரட்டிப் போட்டது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்தது. அந்த நாட்களில் கையில் ரொக்கம் இல்லாமல் நகையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களை நான் அறிவேன். உங்களிடம் இருக்கும் 40,000 ஒரு மாதச் செலவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மூன்று மாதச் செலவுக்காவது அது வளர வேண்டும்.

இனி, 5,000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். சுவர் காயாவிட்டாலும் இரும்பு காயும். வெயில் ஏறிய பிறகு ஜன்னல் கம்பி, வாசல் கேட் இரண்டையும் உப்புத்தாளால் துரு போகத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, அது காய்ந்ததும் எனாமல் ஒரு கை அடியுங்கள். நீங்களே செய்தால் 1,400 ரூபாய்க்குள் முடியும். துரு கம்பியைத் தின்பதும் நிற்கும் என்பதால் இதை நான் அலங்காரச் செலவாகவே நினைக்கவில்லை. மதில் சுவரில் முன்பு சுண்ணாம்புதான் அடித்திருந்தீர்கள் என்றால் மறுபடியும் சுண்ணாம்பே போதும். துளி நீலம் கலந்து, ஒரு நாள் கூலிக்கு ஆள் வைத்தால் எல்லாம் சேர்த்து 1,600 ஆகும். சுண்ணாம்பு ஈரத்தை அடைக்காது, வெளியே விடும். எமல்ஷன் அடித்த சுவரில் மட்டும் அதைப் பூசாதீர்கள், பிடிக்காது. உள்சுவரில் படிந்த கறுப்பை நீர்த்த ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் துணியை நனைத்துத் துடையுங்கள். சாயம் போகிறதா என்று முதலில் ஒரு மூலையில் பாருங்கள். அதோடு ஆசிட் எதையும் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

ஓத வாடைக்கு மருந்து வெயில்தான். மழை விட்ட நாளில் பீரோ, அலமாரிகளைத் திறந்து போட்டு, பாய் தலையணையை மாடியில் காய வையுங்கள். சாம்பிராணி அதற்குப் பிறகு போட்டால் போதும். திரைச்சீலைக்கு உங்கள் பழைய பருத்திச் சேலைகளே அழகு. சுங்குடியோ கட்டம் போட்டதோ இருந்தால் தையல் கூலி 500 ரூபாயோடு முடியும். சோபா உறைக்குப் பதிலாகப் புதுக் கோரைப்பாய் இரண்டு, கூடத்துக்கும் திண்ணைக்கும் நல்ல எல்இடி பல்பு நாலு என்று மேலும் 1,100. மொத்தம் 4,600 ஆகிறது. போகிக்குக் கழிக்கும் சாமான்களைக் கொளுத்தாமல் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினால் கோலமாவு, செம்மண் செலவாவது திரும்பும். வால்பேப்பரை அடியோடு மறந்துவிடுங்கள். ஓதச் சுவரில் அது ஒட்டி நிற்காது. பின்னால் பூசணம்தான் வளரும்.

ஜனவரியில் மிஞ்சும் பணத்தைப் பொங்கல் சீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு முதல் சீர், அதில் சிக்கனம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மாதம் 3,000 ரூபாய் கட்டும் ஆறு மாதத் தொடர் வைப்பு (ஆர்.டி.) ஒன்றை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள். தவணையாகக் கட்ட இருந்த தொகைதானே! ஜூனில் 18,000 ரூபாயும், முந்நூறு ரூபாய் அளவில் வட்டியும் கைக்கு வரும். அப்போது வண்ணம் அடிக்க ஆளும் எளிதாகக் கிடைப்பார்கள். கூடம், முகப்பு இரண்டையும் அதில் முடித்துவிட்டு, அறைகளை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெயின்டரை அழைக்கும் முன் அதே பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டிப் பாருங்கள். கத்திரி வெயில் கண்ட பிறகும் உட்புறம் நீர் கோத்தால், மொட்டை மாடியிலோ குழாயிலோ கசிவு இருக்கிறது என்று பொருள். அந்த 18,000 முதலில் கொத்தனாருக்குப் போகட்டும்.