மண்ணெண்ணெய் அவுட்போர்டு எஞ்சின் கயிறு இழுத்தும் கிளம்பவில்லை, எங்கிருந்து பார்ப்பது?

கேட்டது இது: ஃபைபர் வள்ளத்தில் 2 சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் எஞ்சின், சில நாள் கரையில் கிடந்தது, இப்போது எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை, புது பிளக்கும் போட்டாயிற்று.

முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். சோக்கைப் போட்டபடி இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் சிலிண்டருக்குள் எரிபொருளைத்தான் இறக்குகிறது. பத்துப் பதினைந்து இழுப்பில் புது பிளக்கும் பழையது மாதிரியே நனைந்துவிடும். அதன் பிறகு முதலில் இருந்த கோளாறு எது, நீங்களாக உண்டாக்கியது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மண்ணெண்ணெய் எஞ்சின், அதுவும் கிடந்து எடுத்தது என்றால் என் முதல் சந்தேகம் பிளக் மேல் இல்லை, கார்புரேட்டர் கிண்ணத்தின் மேல்தான். பெட்ரோல் சுழியத்துக்கு 40 டிகிரி கீழேயே பற்றக்கூடிய ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் இந்த எஞ்சினைப் பெட்ரோலில் எடுத்து, நன்றாகச் சூடான பிறகு ஃப்யூயல் காக்கை (பெட்ரோல், மண்ணெண்ணெய் இரண்டில் எது போக வேண்டும் என்று திருப்பிவிடுகிற வால்வு) திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். நிறுத்தும்போதும் இதே கணக்குத்தான்: கரைக்கு வருமுன் காக்கைப் பெட்ரோலுக்குத் திருப்பி மூன்று நான்கு நிமிடம் ஓட்டினால்தான் குழாயிலும் கிண்ணத்திலும் கிடக்கிற மண்ணெண்ணெய் எரிந்து தீரும். அலைக்குள் வரும் அவசரத்தில் அப்படியே ஆஃப் செய்துவிட்டால் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய்தான். மறுமுறை நீங்கள் பெட்ரோலுக்குத் திருப்பி இழுத்தாலும் சிலிண்டருக்குள் போவது அந்தப் பழைய மண்ணெண்ணெய்தான்.

கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகு இருக்கும். சரியான அகலமுள்ள ஸ்க்ரூடிரைவரால் கழற்றி, கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். கார்புரேட்டர் இரண்டிருந்தால் இரண்டிலும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக உருண்டு நிற்கும். பிறகு காக்கைப் பெட்ரோல் பக்கம் வைத்து, எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பை (கையால் அமுக்கி எரிபொருளை ஏற்றுகிற குமிழ்) அமுக்கி, சுத்தமான பெட்ரோல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை மூடுங்கள். எத்தனை முறை வடித்தாலும் மண்ணெண்ணெய் வாடை போகவில்லையென்றால் காக்கின் உள் ரப்பர் தேய்ந்து இரண்டும் கலக்கிறது. மண்ணெண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் தெரிந்துவிடும்.

பெட்ரோலிலும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்திருக்க வேண்டும். "ஸ்டார்ட் பண்ணத்தானே" என்று வெறும் பெட்ரோல் ஊற்றுவது பிஸ்டனைக் கீறிவிடும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. மண்ணெண்ணெய்க்கு உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும் விகிதம். இந்தியாவில் இப்போது பம்பில் கிடைப்பது 20 சதம் எத்தனால் கலந்தது. பெரும்பாலான அவுட்போர்டுகள் 10 சதத்துக்கு மேல் தாங்குவதாகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் தண்ணீரை இழுக்கும், அளவுக்கு மீறினால் பிரிந்து அடியில் தங்கும். ஸ்டார்ட்டிங் பெட்ரோலைக் கேனில் மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

இதற்கிடையில் ஒரு நிமிடத்தில் பார்த்து முடிக்க வேண்டியவை: ஸ்டாப் சுவிட்சின் கிளிப் (ஓட்டுபவர் உடம்போடு கயிற்றால் கட்டியிருப்பது, கழன்றால் எஞ்சின் நின்றுவிடும்) உள்ளே முழுசாக அமர்ந்திருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, குழாய் கனெக்டர் 'டக்' என்று பூட்டியிருக்கிறதா. கயிறே வரவில்லையென்றால் பெரும்பாலும் கியர்தான். நியூட்ரலில் இல்லாவிட்டால் கயிற்றைப் பூட்டி வைக்கிற அமைப்பு இவற்றில் உண்டு. நியூட்ரலிலும் அசையவில்லையென்றால் பலம் போட்டு இழுக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலைக் கையால் திருப்பிப் பாருங்கள். துவாரத்தில் தண்ணீர் பீச்சினால் சிலிண்டரில் தண்ணீர். அப்போதும் திரும்பவில்லையென்றால் பிஸ்டன் பிடித்துவிட்டது, அது ஒர்க்‌ஷாப் வேலை.

இனி பிளக். மாற்றினோம் என்பதோடு விடாமல், கழற்றி என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கும்.

காய்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பொறி இல்லை அல்லது அளவுக்கு மீறி வந்துவிட்டது. நனைந்த பிளக்கை முகர்ந்து பாருங்கள், மண்ணெண்ணெய் வாடை அடித்தால் மேலே சொன்ன கதைதான். வெள்ளைப் பொடி அல்லது தண்ணீர்த் துளி ஒட்டியிருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அப்போது ஹெட் கேஸ்கெட்டையும் சந்தேகப்பட வேண்டும். புது பிளக்கின் எண்ணையும் சரிபாருங்கள். என்ஜிகே பிளக்கில் எண்ணின் முடிவில் 10 என்றிருந்தால் இடைவெளி 1 மில்லிமீட்டர். அதே பிளக்கில் முடிவில் இப்படி எண் எதுவும் இல்லையென்றால் இடைவெளி அதைவிடக் குறைவு. கடைக்காரர் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்பார், நம்பாதீர்கள்.

பொறி பார்க்கிற முறை: இரண்டு பிளக்குகளையும் கழற்றி, ஒயர் முனையில் இருக்கும் மூடிகளை அவற்றில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில் தொட வையுங்கள். பெயிண்ட் மேல் வைத்துவிட்டு 'பொறி வரல' என்று இக்னிஷன் காயிலை மாற்றினவர்கள் நிறைய. பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, அங்கிருந்து வருகிற ஆவி பற்றும். கையில் பிடிக்கவும் கூடாது, சிடிஐ (பொறிக்கான மின்சாரத்தை அனுப்புகிற எலக்ட்ரானிக் பெட்டி) கொடுக்கிற அடி லேசான அடி இல்லை. ஒயரைக் காற்றில் தொங்கவிட்டு இழுத்தால் சிடிஐ யூனிட்டே போய்விடலாம். கிளிப் உள்ளே இருக்க வேகமாக இழுங்கள். நீலமாக, சத்தத்தோடு தாவினால் நல்ல பொறி. மஞ்சளாக மெலிந்து வந்தால் பலவீனம்.

ஒரு பக்கம் மட்டும் வரவில்லையென்றால் இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றுங்கள். கோளாறு பிளக்கோடு போனால் பிளக். போகவில்லையென்றால் மூடியை ஒயரிலிருந்து திருகிக் கழற்றிப் பாருங்கள். உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். ஒயர் முனையில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகினாலே பல நேரம் சரியாகிவிடும்.

இரண்டிலும் வரவில்லையென்றால் காயில் வாங்க ஓடுவதற்கு முன் ஸ்டாப் சுவிட்சைப் பிரித்துப் பாருங்கள். உப்புக் காற்றில் முதலில் சாகிற சாமான் அதுதான். யமஹாவில் அதற்கு ஒரு வெள்ளை ஒயரும் ஒரு கறுப்பு ஒயரும் போகும். வெள்ளையைக் கனெக்டரில் பிரித்துவிட்டு இழுங்கள். பொறி வந்தால் சுவிட்ச் உள்ளுக்குள் எர்த் ஆகிறது. அவசரத்துக்கு அப்படியே கரைக்கு வரலாம், ஆனால் ஆஃப் செய்ய சோக்கை இழுக்க வேண்டும் அல்லது குழாயைக் கழற்ற வேண்டும். ஆள் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் நிற்காது என்பதை மறக்க வேண்டாம். அப்போதும் பொறி இல்லையென்றால் சார்ஜ் காயில் (சிடிஐக்கு மின்சாரம் தருவது), பல்சர் காயில் (பொறி விழும் நேரத்தைச் சொல்வது), சிடிஐ, இவற்றில் ஒன்று. முதல் இரண்டையும் மல்டிமீட்டரில் ஓம் அளந்து கையேட்டு எண்ணோடு ஒப்பிடலாம். சிடிஐயைச் சோதிக்க எளிய வழி, ஓடுகிற எஞ்சினிலிருந்து ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான்.

பொறி இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது என்றால் ரப்பர் பல்பு. எஞ்சின் பக்க முனை மேலே இருக்கப் பிடித்து அமுக்குங்கள். இறுகவே இல்லையென்றால் எங்கேயோ காற்று இழுக்கிறது. கனெக்டரின் ஓ-ரிங், கிளாம்ப், பல்புக்குள் இருக்கும் வால்வு, இந்த வரிசையில் பாருங்கள். இறுகவும் இல்லாமல் கார்புரேட்டரிலிருந்து வழிந்தால் ஃப்ளோட் ஊசியில் (கிண்ணம் நிறைந்ததும் எரிபொருளை அடைக்கிற ஊசி) தூசி. இழுக்கும்போது பல்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடி, விட்டால் நின்றுபோனால் ஃப்யூயல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். இறுகியும் பிளக் காய்ந்தே இருந்தால் ஜெட் அடைப்பு. கம்பியால் குத்தாதீர்கள், துவாரம் பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

இழுத்து இழுத்து நனைந்துபோன எஞ்சினுக்கு: ஸ்டாப் கிளிப்பை வெளியே எடுங்கள், சோக்கைத் தள்ளிவிடுங்கள், பிளக்குகளைக் கழற்றி, ஆக்சிலேட்டரைத் திறந்து எட்டுப் பத்து இழுப்பு. உள்ளே இருப்பது துப்பி வெளியேறும். பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, கிளிப்பைப் போட்டு, சோக் இல்லாமல் எடுங்கள்.

பொறியும் உண்டு, பெட்ரோலும் வருகிறது, ஆனாலும் 'டப்' என்று திருப்பி உதைக்கிறது என்றால் ஃபிளைவீல் சாவி (ஃபிளைவீலைத் தண்டோடு நகராமல் பிடித்து வைக்கிற சின்ன உலோகத் துண்டு) வெட்டுப்பட்டு, பொறி விழும் டைமிங் நகர்ந்திருக்கலாம். கயிறு வழக்கத்தைவிட லேசாக வந்தால் கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் 10 சதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங் அல்லது கேஸ்கெட்.

வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் கடலில் மூழ்கியிருந்தால் இதெல்லாம் பொருந்தாது. தண்ணீருக்கு வெளியே வந்து காற்று பட்டதும் துரு வேகமாக ஏறும். உடனே நல்ல தண்ணீரால் கழுவி, பிளக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, கார்புரேட்டரையும் வடித்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுத் திருப்பி, அன்றைக்கே ஓட்டிவிட வேண்டும். மெக்கானிக் வர நாளாகும் என்றால் நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில் மூழ்க வைப்பது கரையில் காயப்போடுவதைவிட மேல்.

ஸ்டார்ட் ஆனவுடன் எஞ்சின் பின்புறத் துவாரத்தில் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். கரையில் கிடந்த எஞ்சினில் மண் ஏறி அடைத்திருக்கும், தண்ணீர் பம்பின் இம்பெல்லர் ரப்பரும் வளைந்தபடியே இறுகியிருக்கும். தண்ணீர் வரவில்லையென்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.